மதில் நிழல்

மஸ்கட் பழைய நகரத்தின் மதிலையொட்டி, நிழலுக்காக வேனை நிறுத்தினோம். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே உள்ள வாடகை வேன். ஏசிக்கு ஜெனரேட்டர் ஓட, உள்ளே மகள் தூங்கினாள். நானும் கணவரும் கோட்டை வாசலைப் படமெடுத்துவிட்டு வந்து கதவைத் திறந்தோம். புகை நெடி.

சவூதியின் ஜுபைலில் நாங்கள் இருந்தபோது எனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டு மாமா, சுவரோரம் நிறுத்திய காரில் ஏசியைப் போட்டுத் தூங்கிவிட்டார். அப்பா கண்ணாடியை உடைத்தபோது இதே நெடிதான் வந்தது. மாமா எழவேயில்லை. உதடுகள் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தன.

அதன்பிறகு எங்கே வண்டியை நிறுத்தினாலும் அப்பா விரலை நனைத்துத் தூக்கிப் பிடிப்பார். “நிழலப் பாக்காதம்மா, காத்தப் பாரு. சுவரு புகைய உள்ளயே தள்ளிடும்.”

வேனுக்குள் எட்டி மகளைக் கூப்பிட்டேன். “நல்லா தூங்குறா, எழுப்பாத,” என்றார் கணவர்.

மகளின் உதடுகள் சிவந்திருந்தன. நான் அவளை இரண்டாம் முறை கூப்பிட்டேன்.