மிஷ்மிஷுக்கு உப்பில்லாத குழம்பு

பூனைக்குக் குழம்பு வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள்; இந்த வேலையில் சாப்பிடுகிறவர் ஒரு நாளும் பாராட்ட மாட்டார், சாப்பிடாதவர்கள்தான் வரிசையில் நின்று யோசனை சொல்வார்கள்.

பத்தாவதில் கணக்கு இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவை எழுத மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு லெப்பைக்குடிக்காட்டில் ஜமீலா லாத்தா வீட்டு வேலைக்குப் போனேன். அந்தத் தெருவில் அக்காவை லாத்தா என்பார்கள். லாத்தா துபாயிலிருந்து வந்தவர், வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான். கூடவே ஒரு சிவப்பு முடிப் பூனையும் விமானம் ஏறி வந்திருந்தது. பெயர் மிஷ்மிஷ். அரபியில் ஏதோ பழத்தின் பெயராம். அது பச்சைக் கறிதான் சாப்பிடும், அதற்கு மேலே ஒரு குழம்பு ஊற்ற வேண்டும். அந்தக் குழம்புதான் என் வேலை. பூனையோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, மேலே படியுங்கள்.

விருந்தாளி யாரு?

முதல் நாள் கோழிக்கடைக்குப் போய், தோல் இல்லாமல் கொத்துக்கறி, கழுத்து, கொஞ்சம் ஈரல் என்று கேட்டேன். எல்லாமே அப்போது வெட்டினதாக இருக்க வேண்டும், காலையில் வெட்டி வைத்தது வேண்டாம் என்றேன். கடைக்கார பாய்க்கு ஒரே சந்தோஷம். "வூட்டுக்கு விருந்தாளியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கத்தியைத் தீட்டினார். பூனைக்கு என்றேன். எனக்குப் பொய் வராது.

கத்தி நின்றது. பின்னால் நின்ற ஆள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பாய் ஈரலை எடுத்துத் தராசில் போட்டார், பெருமூச்சு விட்டார், பிறகு சொன்னார்: "கடை வச்சிருக்கவன் நான். எனக்கே வூட்ல ஈரல் கேட்டாத்தான் வைப்பாங்க."

சூடு

மிஷ்மிஷ் கறியை முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தரையைக் காலால் பிறாண்டியது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஏன் என்று யோசித்தேன். கறி ஃபிரிட்ஜிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்திருந்தது. எலி என்றால் சூடாகத்தானே இருக்கும்?

கோழிக் கழுத்தைத் தண்ணீரில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டேன். எலும்பை எடுத்துப் போட்டுவிட்டு, விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவைத்து, பச்சைக் கறியின் மேல் இரண்டு கரண்டி ஊற்றினேன். மிஷ்மிஷ் முதலில் குழம்பை நக்கியது, பிறகு கறிக்குள் மூக்கை விட்டது. லாத்தா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: "உப்பு, காரம் ரெண்டும் கூடாது செல்வி. இது கைக்குட்டியா இருக்கும்போதிருந்து எங்க வீட்டுக்காரர் வளர்த்தது. என்னை நம்பி அனுப்பியிருக்கார்."

சாயங்காலப் பசி

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. காலையில் நானே வைக்கிற தட்டில் மிஷ்மிஷ் பாதி மிச்சம் வைக்கும். நான் வீட்டுக்குப் போன பிறகு, சமையல் பாத்துமா அக்கா அதே குழம்பைச் சூடு பண்ணி வைத்தால் தட்டு பளபளவென்று காலி. அதே கறி, அதே குழம்பு.

வேறு வேறாகச் செய்து பார்த்தேன். ஈரலை வேகவைத்த தண்ணீர் ஒரு நாள். முட்டை மஞ்சள் கரு உதிர்த்தது ஒரு நாள். மத்தி மீன் தலைச் சாறு ஒரு நாள். அன்று தெருப் பூனைகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன, மிஷ்மிஷ் மட்டும் வரவில்லை. பாத்துமா அக்கா கைகொட்டிச் சிரித்தார். பூனை பெயர் அவர் வாயில் நுழையாது, மீசை என்றுதான் கூப்பிடுவார். "ஏ புள்ள, பத்தாங்கிளாஸே உன் கைக்கு வரல, மீசை மட்டும் வந்துருமா?"

மாட்டு டாக்டர்

ஒரு வாரத்தில் மிஷ்மிஷ் சுருண்டு படுத்துவிட்டது. எழுப்பினால் தலையை மட்டும் தூக்கும். வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு ரோஸாக இல்லை, சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மூத்திரம் பால் விடாத தேநீர் நிறத்தில். லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அவருக்குப் போன்ல எப்படிச் சொல்லுவேன்?" என்றார். கார் கிடைக்கவில்லை. வயர்கூடையில் துண்டு போட்டு மூடி, பெரம்பலூர் பஸ் ஏறினோம்.

மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர், தனக்கு மாடும் ஆடும்தான் பழக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஈறைப் பார்த்தார், மூத்திரம் என்ன நிறம் என்று கேட்டார். பிறகு சம்பந்தமே இல்லாமல், சாப்பாட்டில் வெங்காயம் போடுகிறீர்களா என்றார். இல்லவே இல்லை என்று நானும் லாத்தாவும் ஒரே குரலில் சொன்னோம். அவர் நம்பவில்லை. ஊசி போட்டுக்கொண்டே சொன்னார்: "இந்தப் பக்கம் அழுகின சின்ன வெங்காயத்தைக் கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டிர்றாங்க. அதத் தின்ன மாட்டுக்கும் இதே வெளுப்பு, இதே நெறம். வூட்ல போய் நல்லா விசாரிங்கம்மா."

ருசி

வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனேன். சாயங்காலக் குழம்பு தயாராக இருந்தது. ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது. காலையில் நான் வைத்த குழம்பு வாயில் ஊற்றினால் வெந்நீர் மாதிரி இருக்கும். இது எப்படி நன்றாக இருக்கும்?

பாத்துமா அக்கா ஒளிக்கவே இல்லை. உப்புச் சப்பில்லாத குழம்பை அதுக்கு வைக்க மனசு வரவில்லையாம். கோழிக் கொழுப்பை உருக்கி, அதில் ஒரு கை சின்ன வெங்காயம் வதக்கி, மசித்துச் சேர்ப்பாராம். தினமும். பூனை நக்கியது அந்தக் கொழுப்புக்காக. நான் கத்தினேன், லாத்தா அழுதார். பாத்துமா அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "உப்பும் காரமும் கூடாதுன்னுதானே சொன்னீங்க? வெங்காயம் உப்பா, காரமா?"

இந்த ஊரில் வெங்காயத்தை யாரும் ஒரு சாமானாகவே எண்ணுவதில்லை. தண்ணீர் மாதிரி அதுபாட்டுக்கு இருக்கும்.

பொடி

வெங்காயத்தை நிறுத்தியதும் புதுத் தொல்லை. மிஷ்மிஷ் எதையுமே தொடவில்லை. பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும், எப்படியாவது ஒரு வாய் உள்ளே போகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழம்பை விரலில் தொட்டு உதட்டில் தடவினேன். துடைத்துக்கொண்டது. லாத்தா தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவரும் சாப்பிடவில்லை.

அதைப் பார்த்துப் பாத்துமா அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். கோழி ஈரலை வேகவைத்தார், மெல்லிசாக நறுக்கி வெயிலில் போட்டு, காக்காய் வராமல் பக்கத்திலேயே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காவல் இருந்தார். பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மொறுமொறுவென்று வறுத்து இடித்தார். உப்பு இல்லை, ஒன்றும் இல்லை. இதைப் போடட்டுமா என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! பச்சைக் கறியின் மேல் ஒரு சிட்டிகை தூவினோம். மிஷ்மிஷ் காது அசைந்தது. எழுந்து வந்தது. பொடியை நக்கியது, கறியைக் கடித்தது, நடுவில் நிறுத்தி எங்களை முறைத்தது, மறுபடி கடித்தது. லாத்தா வாயைப் பொத்திக்கொண்டார், மூச்சு விட்டால் பூனை நிறுத்திவிடும் என்பதுபோல. பாத்துமா அக்கா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார்: "பொடி ருசி பழகிருச்சுல்ல? நாளைக்கு இட்லி கேக்கும் பாரு."

ஈறு மறுபடி சிவக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று, அதற்குள் நான் தெரிந்துகொண்டது இதுதான்: பூனைக்குக் குழம்பு வைப்பது அரை வேலை, அந்தக் குழம்பைப் பார்த்து இரக்கப்படுகிறவர்களைப் பிடித்து வைப்பதுதான் முழு வேலை.