றவூப் காக்கா குடித்த தண்ணீர்

கல்முனையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் றவூப் காக்காவின் பெயர் வந்தது. வெயிலில் ரேசிங் சைக்கிள் ஓடித்தான் அவர் சாவார் என்று ஊர் பல வருடங்களாகச் சொல்லிவந்தது. அவர் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, பகல் தூக்கத்தில் மௌத்தானார். ஊருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

அவரோடு சைக்கிள் ஓடிய எங்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கரைப்பற்று வீதியில் தார் இளகும் நேரம்தான் அவருடைய பயிற்சி நேரம். அறுகம்பே வரையான போட்டி நடுப்பகலில்தான் முடியும். "போட்டி வெயிலுக்க, பழக்கம் நிழலுக்கயா?" என்பார். ஆனால் அடிக்கடி கையை உயர்த்துவார்; தாகம் இல்லாவிட்டாலும் அப்போது எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். "தாகம் எங்கட பஸ் மாதிரி. பிந்தித்தான் வரும்."

நோன்பு மாதத்தில் மட்டும், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு, மெதுவாக ஓடலாம் என்பது அவர் வைத்த சட்டம். ஒரு வருடம் நோன்பு சித்திரை வெயிலில் வந்தது. பெருநாள் முடிந்த கையோடு போட்டி. எங்களோடு ஓடும் நிஸ்தார் ஹாஜியார் நடுப்பகல் லுஹர் தொழுததும் தனியாகப் புறப்பட்டுவிட்டார். அவர் பள்ளிவாசல் நிர்வாகசபையில் இருந்தவர். நோன்புப் பகலில் முன்னால் துணி தொங்கவிட்டு உள்ளே தேநீர் விற்கும் கடைகளைப் பூட்ட வேண்டும் என்று பேசியவர். கேள்விப்பட்டதும் றவூப் காக்காவும் நானும் பின்னால் போனோம்.

ஒலுவில் தாண்டி வீதியோரத்தில் கிடந்தார். உடம்பு கொதித்தது, வியர்வை நின்றிருந்தது. எதிரே, அவர் பூட்டச் சொன்ன வகைக் கடை ஒன்று. துணியை விலக்கிக்கொண்டு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நோன்பில்லாதவர்களுக்கு வழமையாக இவ்வளவு தைரியம் வருவதில்லை.

காக்கா கடையில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கினார்.

"குடிங்க ஹாஜியார்."

"ஏலா. ஆக்கள் பாக்காங்க."

"விட்ட நோன்பப் பிறகு பிடிச்சிக் களாச் செய்யலாம். மௌத்தக் களாச் செய்ய ஏலா."

ஹாஜியார் வாயை இறுக்கிக்கொண்டார். காக்கா செம்பைத் தூக்கி, கடை முழுவதும் பார்க்கத் தான் குடித்தார். பிறகு நீட்டினார். "இப்ப என்னயத்தான் பாப்பாங்க. நீங்க குடிங்க."

ஹாஜியார் குடித்தார். மிச்சத்தை அவர் தலையில் ஊற்றினோம்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே செய்தி ஊருக்குள் வந்துவிட்டது: றவூப் நோன்பை முறித்தார். ஹாஜியாரின் பெயர் அதில் இல்லை. கெட்ட செய்திக்கு ஓர் ஆள் போதும்; அவர் நிர்வாகசபையில் இல்லாதவராக இருந்தால் இன்னும் வசதி. காக்காவின் மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் அந்தக் கதையால் நின்றுபோனது. யார் கேட்டாலும் காக்கா, "ஓம், குடிச்சன்தானே" என்பார். பெருநாளுக்குப் பிறகு அந்த நோன்பைப் பிடித்தார். ஹாஜியார் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகை தொடங்குமுன் காக்காவின் மூத்த மகன் எழுந்து, வழமைப்படி, "வாப்பா ஆருக்கும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க" என்றார். முதல் வரிசையிலிருந்து ஹாஜியார் திரும்பினார்.

"நீங்க இரிங்க தம்பி. மன்னிப்பு நான்தான் கேக்கணும். அண்டைக்கு ரோட்டுல கிடந்தது நான். அவர் குடிச்சது என்னயக் குடிக்க வெக்க."

மகன் வந்து அவர் பக்கத்தில் வரிசையில் நின்றார். பிறகு தக்பீர் கட்டித் தொழுதோம்.

காக்காவின் வேகம் எனக்கு ஒருபோதும் வரவில்லை, வெயிலும் பழகவில்லை. அவரிடமிருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். விழுந்தவர் வெட்கப்படுகிறார் என்றால், முதல் மிடறு நான் குடிக்க வேண்டும்.