என் போனில் இருக்கும் ஹலீனாவின் வீடு

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் என் போனைக் கொடுத்தேன். எதைத் தொட்டாலும் நின்று நின்று வேலை செய்கிறது என்றேன். கடைக்காரர் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “இடமே இல்லீங்க. இன்னா இது, யார் வூடோ, கட்டிலு, பீரோ, பூட்டுன்னு ஜாஸ்தியா வச்சிக்கினு இருக்கீங்க. அழிச்சிடட்டுமா?” என்றார். வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டேன். மனுஷன் பயந்துபோனார். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

டாக்டராகி வருகிறேன் என்று உக்ரைனுக்குப் போனவன் நான். முதல் வருஷமே வேதியியல் என்னைக் கைவிட்டது. நான்தான் அதை முதலில் கைவிட்டேன் என்பார் அப்பா. வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, அங்கேயே வெல்டிங் படித்தேன். ரயில் வேகன் செய்யும் ஒரு சின்ன ஊரில் இரண்டு வருஷம் வேலை. இன்றைக்கு மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர்களுக்கு ஒட்டுப் போடுகிறேனே, அந்தக் கை அங்கே பழகியதுதான்.

அந்த வேகன் ஆலைக்குள் சூடான இரும்பும் நனைந்த கம்பளிக் கோட்டும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். என் பட்டறையில் ஈரச் சாக்கின் மேல் பொறி விழுந்தால் கிட்டத்தட்ட அதே வாடை. உடனே ஹலீனா ஞாபகம் வந்துவிடும். அவள் கிரேன் ஓட்டுபவள். கூரைக்கடியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பாள். மத்தியானமானால் பத்து டன் தூக்கும் கொக்கியில் ஒரு சின்னத் தூக்குவாளியை மாட்டி எனக்கு இறக்குவாள். உள்ளே வேகவைத்த உருளைக்கிழங்கும் உப்பில் ஊறிய தக்காளியும் இருக்கும். ஃபோர்மேன் கத்துவார். “ஒல்லியா கீறான். காத்துல பறந்துட்டான்னா நீயா வெல்டிங் வைப்ப?” என்று மேலிருந்தே பதில் வரும். அவள் பேசியது என்னவோ அவள் மொழிதான். என் மனசில் எல்லாம் நம்ம ஊர்ப் பேச்சாகவே பதிந்திருக்கிறது, என்ன செய்ய. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஊருக்கு வந்த பிறகும் அவ்வப்போது பேசிக்கொள்வோம். போர் வந்தது. முதல் மாசத்திலேயே ரஷ்யப் படை அவள் ஊரைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் சரசரவென்று படங்களாக வந்து விழுந்தன. “உங்கிட்ட இருக்கட்டும்டா தம்பி. தெருமுனையில நிறுத்தி போனை வாங்கிப் பாக்குறானுங்க. உனக்கு அனுப்பிட்டு இங்க அழிச்சிடறேன்.” வீட்டுப் பத்திரம், கட்டில், பீரோ, வாசல் பூட்டு, புருஷன் கல்லறை. கடைசியாக அவளோடு அவள் மகன் தாராஸ், உக்ரைன் ராணுவ உடுப்பில். நான் அங்கே இருந்தபோது அவன் முன்பல் விழுந்த சின்னப் பையன்.

அவள் பிறந்தநாளன்று எனக்கு என்ன புத்தியோ, அந்த உடுப்புப் படத்தையே வாழ்த்தோடு அனுப்பிவிட்டேன். செய்தது உறைத்து அழிக்கப் போவதற்குள் பார்த்துவிட்டதற்கான நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. கூப்பிடவும் பயம். அந்த போன் இப்போது யார் கையில் இருக்கிறதோ.

பதினோரு நாள் அப்படிப் போனது. நடுவில் மலைமேல் கரியாலூரில் ஒரு கேட் மாட்டும் வேலை. மலையில் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி சிக்னல் தேடினேன். அந்த லட்சணத்தில் கேட்டைத் தலைகீழாக மாட்டிவைத்தேன். “இன்னாப்பா, தாழ்ப்பாள் தரையில கீது?” என்றார் வீட்டுக்காரர். கழற்றி மறுபடி மாட்டினேன்.

மலை இறங்கும்போது தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டாள். “உன் படத்தப் பாத்ததும் போனைக் கால்வாய்ல போட்டுட்டேன். சோதனைக்கு எனக்கு முன்னாடி நாலு பேருதான் நின்னுக்கினு இருந்தாங்க. நல்ல பரிசு குடுத்த போ” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அவள் பழைய எண்ணை அழித்தேன்.

அடுத்த கோடையில் எங்கெங்கோ சுற்றி வெளியே வந்துவிட்டாள். இப்போது ஒரு குளிர் நாட்டில் மீன் பொட்டலம் கட்டுகிறாள். வேகன் ஆலை எரிந்துபோனது. தெருக்களுக்கெல்லாம் வேறு பேர் வைத்துவிட்டார்கள். அவள் வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள். ஜன்னலில் அவள் தைத்த திரையே தொங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம்.

படங்களை அனுப்பட்டுமா அக்கா என்று கேட்டேன்.

“வூட்டுப் பத்திரம் அனுப்பு. மத்ததெல்லாம் அப்புறமா ஒண்ணொண்ணா கேக்குறேன். தாராஸ் படம் மட்டும் வேணாம்.”

சண்டையில் காணாமல் போனவர்கள் பட்டியலில் அவன் பேர் இருப்பதை அன்றைக்குத்தான் சொன்னாள்.

“அவன் வந்தான்னா அவனே உங்கிட்ட கேட்டு வாங்கிக்குவான். உன் நம்பர் அவங்கிட்ட கீது.”

முன்பெல்லாம் தெரியாத எண் என்றால் எடுக்கவே மாட்டேன். இப்போது டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தாலும் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எடுக்கிறேன். பெரும்பாலும் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாங்க என்று சொன்ன பிறகும், கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருக்கிறேன்.