அக்காள் நடத்திய பத்திரிகையும் நான் சேர்த்த முகமும்

எங்கள் அக்காள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் சிநேகிதரும் அவர்களுடைய நற்குணங்களைப் படிக்க விரும்புவீர்கள். அவை நிறையவே உண்டு. ஆனால் ஊர் அவர்கள் தலையில் கட்டிய ஒரு குற்றம் என்னுடையது. அதைச் சொல்லவே எழுத உட்கார்ந்தேன்.

அக்காள் பிறந்தது வன்னியம்பட்டியில். பதினான்கு வயதில் தாலி இழந்து, அப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்திருந்த எங்களிடமே திரும்பினார்கள். வெள்ளைச் சேலை தவிர வேறு உடுத்தாத அவர்கள்தான் பெண்களின் உடை, நகை, பாட்டு, கோலம் இவற்றுக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். மகாராணியார் தலை போட்ட தபால்தலை ஒட்டி ரங்கூன் வரைக்கும் அனுப்பினோம்.

"தான் உடுத்தக் குடுத்து வைக்கல, ஊருப் பொம்பளைக சேலையில இவளுக்கு என்ன சோலி?" என்று சித்தப்பாவே கேட்டார்.

"நான் உடுத்தலைன்னா கண்ணு தெரியாமப் போயிருமா சித்தப்பா?" என்று அக்காள் சிரித்தார்கள்.

ரவிக்கை போடுவதையே திமிர் என்று பேசிய காலம் அது. ராஜபாளையத்தில் கலியாணம் நிச்சயமான ஒரு பெண், கையில் கொசுவம் வைத்த ரவிக்கையைத் தானே தைத்திருந்தார். அவர் பெயரை எழுதமாட்டேன். முகத்தை அச்சேற்றியதே போதும். கலியாண வீட்டு முன்வாசலில் கைம்பெண் காலெடுத்து வைக்கலாமா? கொல்லைப்புறமாக எங்களை அழைத்துப்போய்க் காட்டினார்.

"படம் போடுங்க அக்கா. மொகத்த மட்டும் போட்ராதிய. மாப்பிள்ள வீட்டுல பாத்தா அம்புட்டுதான்."

"சத்தியமாப் போடமாட்டேன் தாயி" என்று அக்காள் கையடித்துக் கொடுத்தார்கள். சொன்னபடியே முகத்தை வெறுமையாக விட்டு வரைந்தும் தந்தார்கள்.

அந்தப் படத்தை மதுரைக்குக் கொண்டுபோனவன் நான். மரக்கட்டையில் படம் செதுக்குபவர், "மூஞ்சி இல்லாம என்னய்யா படம்? பேய் மாதிரியில்ல இருக்கு?" என்றார். நான் பெரிய ரசிகன் அல்லவா! மோவாயில் மச்சம், இரு பக்கமும் மூக்குத்தி, நெற்றியில் சுருள்முடி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த வாரம் அக்காளுக்குக் கடுங்காய்ச்சல். நானே அச்சுக்கூடத்தில் நின்று ஓட்டி, தபாலிலும் சேர்த்துவிட்டேன்.

பத்தே நாளில் பெண்ணின் தகப்பனார் எங்கள் வாசலில் நின்றார். "எம் மக மூஞ்சி சந்தையில கைக்குக் கை மாறுது. மாப்பிள்ள வீட்டுல வெத்தல பாக்கைத் திருப்பி அனுப்பிட்டாக!"

அக்காள் கை கூப்பினார்கள். "தப்பு என்னுது. பத்திராதிபர் நான்."

நான் கதவுக்குப் பின்னால் திருடனைப் போல் நின்றேன். அவர் போனபிறகு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீ வாயத் தொறக்காத. ஒனக்கு இன்னும் பொண்ணு பாக்கல. ஒரு பிள்ள வாழ்க்க போனது போதும்" என்றார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. ஆமாம், வசதியாகத்தான் இருந்தது.

அதன்பின் அக்காள் மனித உருவமே போடவில்லை. கொடியில் தொங்கும் ரவிக்கையும் மடித்து வைத்த சேலையுமாகப் பத்திரிகை இரண்டு வருஷம் தள்ளாடி நின்றுபோனது. அந்தப் பெண்ணுக்குக் கலியாணமே நடக்கவில்லை. வருஷந்தோறும் தைப் பொங்கல் கழிந்ததும் அக்காள் ராஜபாளையம் போவார்கள். கொல்லைக் கதவு ஒருமுறையும் திறக்கவில்லை. எனக்கு மணமாகி, பிள்ளைகள் பிறந்து, பேரனும் வந்தாயிற்று. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கடைசிப் படுக்கையில்கூட, "ராஜபாளையத்துல இருந்து யாரும் வந்தாகளா?" என்றுதான் கேட்டார்கள்.

இரவுபகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய சோழபுரத்து உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

பதினாறாம் நாள், ராஜபாளையத்திலிருந்து அந்த அம்மையாரே வந்தார். "அவிய போயிட்டாகன்னு கேட்டதும் மனசு கேக்கல" என்றார். அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவிய உசுரோட இருக்கையில இதச் சொல்லியிருந்தா, ஓடியாந்து அவிய காலக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேனே. முப்பது வருசமாக் கதவப் பூட்டி வச்சிட்டேனே, பாவி!"

நான் நீட்டிய தண்ணீரைத் தொடாமல் வண்டி ஏறினார்.