கம்பி தட்டுகிறவரின் மனைவி

தையல்காரம்மா ஒரு பழைய பேண்ட்டின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அதைக் கொண்டுவந்த பக்கத்துத் தெருக்காரி மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பழைய ஜெயில்ல நடமாடுறாராமே அக்கா?"

வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஜெயிலில் வார்டராக இருந்தவர். கைதிகளை உள்ளே அடைத்ததும் மரச்சுத்தியலால் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. யாராவது ரகசியமாக அறுத்து வைத்திருந்தால் அந்தக் கம்பி மட்டும் மொண்ணையாக ஒலிக்கும். இப்போது ஜெயிலை மூடிவிட்டு, டிக்கெட் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். சாயங்காலமானால் அங்கே கம்பி தட்டும் ஓசை கேட்கிறதாம். காக்கி நிழலைப் பார்த்து ஒரு கல்லூரிப் பெண் மயங்கியே விழுந்தாளாம்.

தையல்காரம்மாவுக்குப் பயம் வரவில்லை, வயிறு எரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் காட்சி கொடுக்கிறவர், காலமெல்லாம் கூடக் குடித்தனம் நடத்தியவளின் கனவில்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"டிக்கெட் குடுக்குற அம்மா அந்தச் சத்தத்தைத் தினமும் கேக்குறாங்களாம். பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தட்டுவாராம்."

"பாட்டா? யாரு, இவரா?"

வீட்டில் அவர் சாப்பிடுவார், கை கழுவுவார், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூடத் தட்டைத் தள்ளி வைத்துத்தான் சொல்வார்.

பாடுகிறது என்றால் அது அவர் இல்லை. அவர்தான் என்றால், தனக்குத் தெரியாத ஒருவரோடு அவள் வாழ்ந்து முடித்திருக்கிறாள். முதலாவதே உண்மையாக இருக்கட்டும் என்று மனம் சொன்னது. ஆனால் அது அவர் இல்லையென்றால் அங்கே யாருமே இல்லை. அதையும் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டிக்கெட்காரி முன்பு பெண் கைதிகள் பகுதியில் வார்டராக இருந்தவள். தலைமுடிக்குக் கறுப்பாகச் சாயம் போட்டிருந்தாள். தையல்காரம்மா முதலில் கவனித்தது அதைத்தான்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"உக்கார வரல. என் வீட்டுக்காரர் உன்கிட்ட மட்டும் வர்றாராமே."

டிக்கெட்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே யாருமில்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அய்யோ, அது கூரைத் தகரம்க்கா. காத்தடிச்சா கம்பியில இடிக்கும். வர்றவங்க எல்லாம் யாரு யாருன்னு உசிரை எடுத்தாங்க. ஒருநாள் அவர் பேரு வாயில வந்துடுச்சு."

"மயங்கி விழுந்தவ?"

"அவ காலையில இருந்து பட்டினிக்கா."

தையல்காரம்மாவுக்கு நெஞ்சு லேசானது. சிரிப்புகூட வந்தது. "அப்ப பாட்டும் நீ கட்டிவிட்ட கதைதானா?"

"இல்லக்கா, பாட்டு நிஜம். உயிரோட இருக்கும்போது தட்டிக்கிட்டே பாடுவாரே! எங்க கட்டடம் வரைக்கும் கேக்கும். சண்டை போடுற பொம்பளைங்ககூட நிறுத்திட்டுக் கேப்பாங்க. வீட்ல பாட மாட்டாரா?"

"பாடாம என்ன? காது புளிச்சுப்போச்சு" என்றாள் தையல்காரம்மா.

பேய் போய்விட்டது. போன இடத்தில் அதைவிடக் கெட்டது ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பேயாக வந்து பாடியிருந்தால், செத்தபின் புத்தி மாறிவிட்டது என்று விட்டுவிடலாம். உயிரோடு இருந்த மனுஷர் அத்தனை வருடமும் பாட்டை இங்கேயே பாடித் தீர்த்துவிட்டு, வெறும் வாயோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். கைதிகளுக்குக் கிடைத்தது. இந்தச் சாயக்காரிக்குக் கிடைத்தது.

"இனிமே கதையை மாத்திச் சொல்லு. பொண்டாட்டியைத் தேடித்தான் வர்றாருன்னு சொல்லு."

டிக்கெட்காரி கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டாள்: "சொல்லலாம்க்கா. ஆனா பொண்டாட்டியைத் தேடுறவரு வீட்டுக்குப் போகாம ஜெயிலுக்கு ஏன் வர்றாருன்னு கேப்பாங்களே?"

தையல்காரம்மா கிளம்பத் திரும்பினாள்.

அதற்குள் ஒரு குடும்பம் டிக்கெட் ஜன்னலருகே வந்து நின்றது. உள்ளே எங்கோ தகரம் இடித்தது. குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர் கேட்டார்: "இங்க ஒருத்தர் சுத்துறாராமே, யாரும்மா அது?"

டிக்கெட்காரி தையல்காரம்மாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"என் வீட்டுக்காரர்" என்று முந்திக்கொண்டாள் தையல்காரம்மா. "ரொம்ப நல்லாப் பாடுவாரு."