மட்டாஞ்சேரியிலிருந்து மண்டபத்துக்கு ஒரு சினை நோட்டு

பள்ளியில் மலையாளம் படித்தவள் நான். தமிழ் எழுத்தைக் கல்லூரி முடித்த பிறகுதான் பழகினேன். இதை எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குக் கொச்சியிலிருந்து போக நினைப்பவர்களுக்கு உதவலாம்.

அம்மா செல்வி மட்டாஞ்சேரியில் மீன் வெட்டிக் கொடுக்கிறார். அவர் வேலை செய்யும் கடைக்குக் களவா மீன் மண்டபத்திலிருந்து ஐஸ் வண்டியில் வருகிறது. பவளப்பாறையில் வாழும் மீன். அங்கே பூங்காவை ஒட்டிய ஊரின் மீனவர் குழு ஒன்று, எந்த மாதம் மீன் வயிற்றில் சினை, அதாவது முட்டை, இருக்கிறது என்று யார் பார்த்தாலும் குறித்து அனுப்பும்படி ஐஸ் வண்டிக்காரர் மூலம் சொல்லியிருந்தது. அந்த மாதங்களில் பாறைப் பக்கம் களவாவுக்குத் தூண்டில் போடாமல் விடலாமா என்று முடிவெடுக்கத்தான். ஒரு வருடம் அம்மா மாலைதோறும் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். இந்த ஜனவரியில் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மட்டாஞ்சேரியில் பஸ் ஏறினோம். எறணாகுளத்தில் ஆறே காலுக்குக் குமுளி பஸ். சுமார் 150 கிலோமீட்டர். மண்டபம் வரை போகிறோம் என்றதும் கண்டக்டர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"சேச்சி, மண்டபத்துல எந்தா விசேஷம்? கல்யாணமா?"

"மீட்டிங்கு."

"ஓ, சேச்சி எந்தப் பார்ட்டி?"

"களவா பார்ட்டி," என்றார் அம்மா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குமுளியில் பதினொன்றரை. அங்கே பஸ் மாறி மதுரை வர நான்கு மணி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் மண்டபம் இறங்கும்போது எட்டு. போக ஆளுக்கு ஏறத்தாழ 600 ரூபாய் ஆனது. அறை 900.

ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம். தூண்டில்காரர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். குழுவில் ஒருவர் எங்கள் நோட்டைப் படித்தார்: பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான் சினை அதிகம். முன்வரிசையில் இருந்த மாரியப்பன் என்பவர் எழுந்தார்.

"கொச்சியில கத்தி பிடிக்கிறவங்க எங்க பாருக்குக் கணக்கு சொல்றதா?" பார் என்றால் அவர்கள் பேச்சில் கடலடிப் பாறை.

"பாரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே," என்றார் அம்மா. "நீங்க மீனோட முதுகைப் பார்த்துப் பெட்டியில போடுறீங்க. அதோட வயித்தைப் பார்க்கிறவ நான்."

சிரிப்பு எழுந்தது. மாரியப்பன் விடவில்லை.

"சரி, வெட்டின எல்லா மீனையும் எழுதினீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். சினை வறுத்துத் தின்பவர்கள் அதைத் தனியாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். வேண்டாம் என்று விட்டதை வெட்டுபவர் வீட்டுக்கு எடுத்து வரலாம்; அது எங்கள் தெரு வழக்கம். வீட்டுக்கு வந்த சினையை மட்டுமே நான் எழுதியிருந்தேன். இத்தனை படித்தும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா மறைக்கவில்லை. "இல்ல. எங்க வீட்டுச் சட்டிக்கு வந்ததை மட்டும்தான் எழுதினோம். மத்ததை ஆளுங்க கொண்டு போயாச்சு."

இனி நோட்டை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். மாரியப்பன் மெல்ல உட்கார்ந்தார். "அப்போ இதைவிடக் கூடவா சினை மீனை அழிச்சிருக்கோம்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

ஒரு மணி நேரம் பேசி முடிவானது: இந்த வருடம் அந்த இரண்டு மாதமும் பாரில் களவாவுக்குத் தூண்டில் இல்லை. கலைவதற்கு முன் மாரியப்பன் அம்மாவிடம் வந்தார். "எல்லாரும் கேப்பாங்கன்னு சொல்ல முடியாதும்மா. சினைக் களவாவுக்குக் கொச்சியில கூடுதல் விலை தர்றாங்கன்னு வண்டிக்காரர் சொல்றாரு. உங்க ஊர்ல அதைக் கேக்கறதை நிறுத்துங்க."

"சினை மீன்ல என் கத்தி படாது," என்றார் அம்மா.

வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில், அம்மா என்னை 'மீன் வெட்டுபவர்' என்று எழுதச் சொன்னார். பள்ளியில் பெற்றோர் தொழில் என்ற கட்டத்தை நான் எப்போதும் காலியாக விடுவேன். இந்த முறை பெரிய எழுத்தில் எழுதினேன்.

போகிறவர்களுக்கு: பாறை பார்க்கும் படகு காற்று அடித்தால் ஓடாது, முதலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காலையில் தண்ணீர் தெளிவாக இருக்கும். அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேரம் கேட்கத் தயங்கியது ஒன்று உண்டு. பிப்ரவரி வருகிறது. மட்டாஞ்சேரியில் வயிறு பருத்த களவாவை அம்மா வெட்ட மாட்டேன் என்றால், தயவுசெய்து பக்கத்துக் கடைக்குப் போகாதீர்கள்.