உறுதியாகாத அறுபது அறைகள்

மார்வா டோலஃப்சன் யார் சொல்லையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் டென்பி பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருஷமாக விளையாட்டு அணிகளுக்குப் பயண ஏற்பாடு செய்கிறவள். விமானம் நிச்சயம் வரும் என்று சொன்னால் பேருந்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பாள். அவள் காலத்தில் எந்த அணியும் ஆட்டத்துக்குத் தாமதமாகப் போனதில்லை.

அந்த ஜூலை மாதம் அறுபது அறைகள் அவளை உறுத்திக்கொண்டிருந்தன. மலைக்கு அந்தப் பக்கம், கடலோர நகரத்தில் இருக்கும் சீடர் பே பல்கலைக்கழகமும் டென்பியும் மூன்று தலைமுறையாக ஒரே விளையாட்டுக் கூட்டணி. நவம்பர் தோறும் கால்பந்தில் மோதுவார்கள். ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. டென்பியில் உருப்படியான விடுதி ஒன்றுதான் என்பதால், இங்கே நடக்கப்போகும் ஆட்டத்துக்கு முந்தின வருஷம் ஜூனிலேயே சீடர் பேயின் பயணப் பொறுப்பாளர் ஜெனீன் ஒகமோட்டோ அறைகளை உறுதி செய்துவிடுவாள். ஜூலை பாதி போயும் அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. மார்வாவே ஃபோன் போட்டாள்.

"ஜெனீன், அடுத்த வருஷ ரூம் என்னாச்சு?"

"பாத்துச் சொல்றேன் மார்வா."

"எப்பப் பாப்ப?"

"சீக்கிரம். இங்க கொஞ்சம் வேலை, வச்சிடட்டுமா?"

சாயங்காலம் கணவன் ஆர்லனிடம் சொன்னாள். அவன் அறுவடை இயந்திரம் பழுது பார்க்கிறவன். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே அவள் சொல்வதைக் கேட்டான்.

"ஜெனீன் தன் மூட்டு வலியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல ஆர்லன். அரை மணி நேரம் அதைச் சொல்லாம அவ ஃபோனை வச்சதே இல்ல."

"வலி சரியாப் போயிருக்கும்."

"இல்ல. பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க."

"கல்யாணத்தன்னைக்குப் பாதிரியார்கிட்டயே உரிமம் இருக்கான்னு கேட்டவதானே நீ!"

மார்வா சிரிக்கவில்லை. மறுநாள் தன் அணிக்காக வாடகை விமானக் கம்பெனியைக் கூப்பிட்டாள். அடுத்த வருஷ அக்டோபரில் பெரிய விமானம் எதுவும் காலியில்லை என்றான் அங்கே இருந்தவன்.

"யாருப்பா அதுக்குள்ள பிடிச்சது?"

"உங்க சீடர் பே ஆளுங்கதான் கேட்டு வச்சிருக்காங்க. ஒஹையோ, நியூ ஜெர்சி, அப்புறம்..." அவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். "நான் எதுவும் சொல்லலைங்க."

ஒஹையோவும் நியூ ஜெர்சியும் கிழக்கே, வேறு கூட்டணி ஆடும் மாநிலங்கள். மார்வா நேராக விளையாட்டுத் துறைத் தலைவர் விட் பெனோயரின் அறைக்குப் போனாள். கூட்டணியின் தொலைக்காட்சி ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிகிறது, புதியது இன்னும் கையெழுத்தாகவில்லை. அதுபற்றிய கூட்டத்திலிருந்து அவர் அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"அவங்க போறாங்க, விட்."

"யாரு? சீடர் பேயா? நேத்துதான் அவங்க தலைவர் என் கையைக் குலுக்கி, சேர்ந்தே இருப்போம்னு சொன்னார் மார்வா."

"கை குடுத்தாரா, கையெழுத்துப் போட்டாரா?"

பெனோயர் தன் ஃபோனைப் பார்த்தார். அவள் வெளியே வந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இவருக்கும் தெரியுமோ? அதற்கப்புறம் தாழ்வாரத்தில் இரண்டு பேர் நின்று பேசினாலே மார்வாவின் நடை மெதுவானது.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை மதியம் செய்தி வந்தது. அடுத்த கோடையில் சீடர் பே கிழக்குக் கூட்டணிக்குப் போகிறது. அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தொலைக்காட்சி வருஷத்துக்கு ஆறு கோடி டாலர் கொடுக்கும். மாலைக்குள் இன்னும் நாலு பல்கலைக்கழகங்கள் வேறு வேறு கூட்டணிக்கு ஓடின. மூன்று கோடி வாங்கிக்கொண்டிருந்த டென்பிக்கு இனி ஐம்பது லட்சம் தேறினால் பெரிது. தொலைக்காட்சிக்காரர்கள் பார்ப்பது ஊரில் எத்தனை பெட்டி ஓடுகிறது என்பதை. டென்பியைச் சுற்றி இருப்பது கோதுமை.

பெனோயர் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது மார்வா." அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். தெரியாதுதான் என்று பட்டது. அது இன்னும் பயமாக இருந்தது.

ஜெனீன் அன்றே கூப்பிட்டாள். அழுதாள். "வாயைத் திறக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்கடி. நான் என்ன பண்றது?"

"இருபத்திரண்டு வருஷம்," என்றாள் மார்வா. ஃபோனை வைத்துவிட்டாள்.

குளிர்காலத்தில், வரப்போகும் பணக்குறைவை எண்ணி, டென்பி நீச்சல் அணியைக் கலைத்தது. வாலிபால் பெண்கள் பதினோரு மணி நேரம் பேருந்தில் போனார்கள்; இருக்கையில் உட்கார்ந்தபடியே தூங்கி, இறங்கியதும் ஆடினார்கள். அந்தச் சமயத்தில் சீடர் பேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய உறவை மதித்து நவம்பர் ஆட்டத்தை ஐந்து வருஷம் தொடரலாமாம். பெனோயர் பேனாவை எடுத்தேவிட்டார்.

"ஒரு ராத்திரி என்கிட்ட இருக்கட்டும்," என்று மார்வா அதை வாங்கிப் போனாள். அடுப்படி மேஜையில் வைத்து மூன்று தடவை படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அது: தொலைக்காட்சி நிறுவனம் அந்தத் தேதியைக் கேட்டால், தொண்ணூறு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு சீடர் பே விலகிக்கொள்ளலாம்.

காலையில் பென்சிலால் வட்டம் போட்டு பெனோயரிடம் நீட்டினாள். "இதை எடுக்கச் சொல்லுங்க. வரலைன்னா முப்பது லட்சம் டாலர் தரணும்னு எழுதச் சொல்லுங்க."

"கோவிச்சுக்கிட்டு ஆட்டமே வேண்டாம்னுட்டா?"

"அப்ப அவங்க எண்ணம் என்னன்னு இப்பவே தெரிஞ்சிடும்."

ஆறு வாரம் இழுபறி. கடைசியில் சீடர் பே கேட்டபடியே மாற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. பெனோயர் அதை அவள் முன்னால் வைத்து, "நீங்க இல்லன்னா ஏமாந்திருப்பேன்," என்றார். மார்வா முதலில் ஒன்பதாம் பக்கத்தைத்தான் திருப்பினாள்.

நவம்பரில் சீடர் பே அணி வந்து இறங்கியது. விடுதி வரவேற்பறையில் ஜெனீன் சாவிகளை எண்ணி வாங்கினாள். ரொம்ப இளைத்திருந்தாள். மார்வா அவளுக்குக் காபி வாங்கிக்கொடுத்தாள்.

"காசு கொட்டுது, ஆனா பிள்ளைங்க ஆகாசத்துலயே கிடக்குதுங்க," என்றாள் ஜெனீன். "விடியக் காலையில இறங்கி நேரா வகுப்புக்குப் போகுதுங்க. என் மேல இன்னும் கோவமா?"

"கோவம் போயிடுச்சு." உண்மையாகத்தான் சொன்னாள். காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "அடுத்து எங்க போறதா பேசிக்கிறாங்க?"

"யாரு?"

"உங்க ஆளுங்கதான்."

ஜெனீன் சிரித்தாள். "இப்பத்தானே போனோம், விடு மார்வா." அப்புறம் லிஃப்ட் பக்கம் திரும்பி, யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போனாள். யாரும் கூப்பிட்டதாக மார்வாவுக்குக் கேட்கவில்லை.